ரத்தம் வராத காயத்தை அன்றைக்கே எழுதி வாங்குங்கள்

புதுச்சேரியிலிருந்து இன்றைக்கும் பசங்க பிரெஞ்சு ராணுவத்தில் சேரத்தான் செய்கிறார்கள். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த தாத்தா, வீட்டில் ஒரு பழைய சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்த சிப்பாய்), பதினெட்டு வயசானதும் பிரான்ஸ் பயணம், அங்கே போனால் சட்டென்று வேலை கிடைக்காது, ராணுவத்தில் சம்பளம், தங்குமிடம், ஓட்டுநர் உரிமம் எல்லாம் ஒன்றாக வரும் என்று யாராவது சொல்வார்கள். நானும் அப்படிப் போனவன்தான். போனதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் கண்ணிவெடியில் அடிபட்டு ஊர் திரும்பிய பிறகு, அதற்கான ஓய்வூதியம் பற்றிக் கேட்க ஒரு ஆள் இல்லாமல், மூன்று லட்சம் ரூபாய் கிட்டத்தட்டச் செலவு பண்ணி, வருஷக்கணக்கில் அலைந்து தெரிந்துகொண்ட விஷயங்கள் இருக்கின்றன. போவதற்கு முன்னாலேயே யாராவது அரை மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் இருந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ ஒரு அம்மா இதைப் படித்துவிட்டு மகனுக்கு அனுப்பினால் போதும்.

நான் ஓட்டியது வே.பே.எல். என்று எல்லோரும் கூப்பிடும் இலகு கவச வண்டி. பனார் கம்பெனி செய்தது, 1990-லிருந்து பிரெஞ்சுப் படையில் இருக்கிறது. நீளம் நாலு மீட்டர்கூடக் கிடையாது, அகலம் இரண்டு மீட்டர், எடை சுமார் நாலு டன். முன்னால் ஓட்டுபவன், பக்கத்தில் வண்டித் தலைவர், பின்னால் மேல்மூடியைத் திறந்து நின்றபடி இயந்திரத் துப்பாக்கியைப் பிடிக்கிறவன், அவ்வளவுதான் இடம். அந்த மூன்று பேரோடு தண்ணீர், சாப்பாடு, தோட்டாப் பெட்டி, ரேடியோ, மருந்துப் பை. சுற்றிலும் இருக்கிற எஃகுத் தகடு 5 முதல் 11 மில்லிமீட்டர்தான். 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கிக் குண்டையும் ஷெல் சிதறலையும் தாங்கும். டயர் கிழிந்தாலும் நிற்காமல் ஓட்டிக்கொண்டு தப்பிக்கலாம். தண்ணீரில் மிதந்தும் போகும், அதற்கென்று பின்பக்கம் ஒரு சின்ன புரொப்பெல்லர் உண்டு. பனிப்போர் காலத்தில், ஐரோப்பாவில் சோவியத் டாங்கிகள் எங்கே வருகின்றன என்று பதுங்கிப் பார்த்துவிட்டு வேகமாகத் திரும்பி வருவதற்காக யோசித்த வண்டி அது. அந்த வேலைக்கு அருமையான வண்டி. மணலில், மேட்டில், காட்டுப் பாதையில் எங்கே விட்டாலும் போகும். எனக்கு அதன்மேல் பாசம் இருந்தது, இன்னமும் இருக்கிறது.

ஆனால் மிதக்க வேண்டிய வண்டியை இலகுவாகத்தான் செய்ய முடியும், இலகுவாகச் செய்தால் அடிவயிற்றில் கனமான கவசம் போட முடியாது. இதை எனக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. கவச வண்டி என்ற பேரைக் கேட்டதும் வீட்டில் அம்மா உள்பட எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள், நானும்தான். கவசம் என்றால் எதற்கு எதிரான கவசம், எந்தப் பக்கத்திலிருந்து வருவதற்கு என்று கேட்க வேண்டும். பக்கவாட்டில் வரும் குண்டு வேறு, கீழேயிருந்து வெடிக்கிற கண்ணி வேறு. தென்னாப்பிரிக்காக்காரர்கள் கண்ணிவெடிக்கென்றே கேஸ்பிர் என்று ஒரு வண்டி செய்தார்கள், அடிப்பாகம் படகு மாதிரி இரண்டு பக்கமும் சரிந்திருக்கும், வெடிக்காற்று பக்கவாட்டில் சிதறிப் போகும், வண்டியும் தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கும். ஈராக்கில் தட்டையான அடிப்பாகம் கொண்ட ஹம்வீ வண்டிகளில் ஆட்களை இழந்த பிறகுதான் அமெரிக்காவும் 2007-ல் அந்த வடிவத்துக்கு அவசர அவசரமாக மாறியது. எங்கள் வே.பே.எல்.-இன் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஒன்றரை அடிகூட இருக்காது.

நான் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற மாலி நாட்டுக்குப் போனது, ஜிஹாதி ஆயுதக் குழுக்களுக்கு எதிரான பர்க்கான் நடவடிக்கையில். 2013 ஜனவரியில் செர்வால் என்ற பெயரில் பிரெஞ்சுப் படை அங்கே இறங்கியது, 2014 ஆகஸ்ட்டில் அது பர்க்கான் ஆனது, 2022 ஆகஸ்ட்டில் கடைசிச் சிப்பாயும் மாலியை விட்டு வெளியே வந்தார். நான் போன சமயத்தில் நேருக்கு நேர் சண்டை குறைந்து கண்ணிவெடி அதிகமாகிவிட்டிருந்தது. காவோ முகாமிலிருந்து சரக்கு லாரிகளுக்குக் காவலாக நாங்கள் முன்னும் பின்னும் போவோம். சாலை என்று சொல்ல முடியாது, டயர் தடம்தான். மே மாதத்தில் 45 டிகிரி வெயில், இரும்புப் பெட்டிக்குள் தலைக்கவசமும் குண்டு துளைக்காத அங்கியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கையுறைக்குள் விரலெல்லாம் ஊறிப்போய் வெளுத்திருக்கும். மற்ற இடத்தில் தடத்தை விட்டு விலகிப் போய்க்கொள்ளலாம், ஆனால் வறண்ட ஓடையைக் கடக்கும்போது மட்டும் இறங்கி ஏற ஒன்றிரண்டு இடம்தான் இருக்கும். வெடி வைக்கிறவனுக்கும் அது தெரியும். அழுத்தினால் வெடிக்கிற தட்டு, மேலே மணல், இரும்பு ரொம்பக் குறைவாக வைத்துச் செய்திருப்பதால் கண்டுபிடிக்கும் கருவியும் சத்தம் போடாமல் போய்விடும்.

எங்கள் வண்டிக்கு முன்னால் போனது அதே இடத்தைத் தாண்டிப் போனது. எங்களுடைய பின்சக்கரம் ஏறியதும் வெடித்தது. சத்தம் கேட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. இருக்கை கீழேயிருந்து முதுகில் ஓங்கி அடித்தது, வாயெல்லாம் மண், அதற்கப்புறம் எல்லாமே தூரத்தில் நடக்கிறது மாதிரி ஒரு கூவல் மட்டும். உள்ளே கட்டாமல் வைத்திருந்த தோட்டாப் பெட்டி ஒன்று பறந்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் தகட்டில் மோதி நசுங்கிக் கிடந்தது, ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் என் தலை. மேலே நின்ற துப்பாக்கிக்காரன் தூக்கி எறியப்பட்டு முழங்கைக்குக் கீழே எலும்பு உடைந்து ரத்தத்தோடு கிடந்தான். மருத்துவர் ஓடி வந்து அவனைப் பார்த்தார், ஹெலிகாப்டர் வந்தது, ஏற்றிக்கொண்டு போனது. என்னையும் வண்டித் தலைவரையும் பார்த்து மருத்துவர் ஏதோ கேட்டார். எனக்கு அவர் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்தோம், நடந்தோம், ரத்தம் இல்லை. அதனால் நாங்கள் ஆரோக்கியம். அன்றைக்கு ராத்திரி முழுக்க உடைந்த வண்டிக்குக் காவல் இருந்துவிட்டு மறுநாள் வேறொரு லாரியில் ஏறிப் பயணத்தைத் தொடர்ந்தோம். காதில் அந்தக் கூவல் நிற்கவில்லை. நிற்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இப்போது அந்த மாதிரி வண்டியில் ஏறுகிற தம்பிகளுக்குச் சொல்லிவிடுகிறேன். வண்டிக்குள் கட்டாத பொருள் எதுவும் இருக்கக் கூடாது, தண்ணீர் பாட்டில்கூட. வெடிக்கிற நேரத்தில் கண்ணியைவிடப் பக்கத்தில் இருக்கிற பெட்டி கொல்லும். இடுப்புப் பட்டையை வெயிலுக்காகத் தளர்த்தாதீர்கள். இருக்கை தரையோடு பொருத்தியதா, பக்கச் சுவரிலோ கூரையிலோ தொங்குகிறதா என்று பாருங்கள், தரையோடு இருந்தால் அடி நேராக முதுகெலும்புக்கு வரும். பாதத்தைத் தட்டையாக ஊன்றிக்கொண்டு தூங்காதீர்கள், குதிகால் எலும்பு நொறுங்குவது இந்த வகை வெடியில் சகஜம். காது மூடியை ரேடியோ சரியாகக் கேட்கவில்லை என்று கழற்றுகிறவர்கள் நிறைய, அதைத் தயவு செய்து செய்யாதீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வெடிக்கு அருகில் இருந்த ஒவ்வொருவனும், நடக்க முடிந்தாலும் சிரிக்க முடிந்தாலும், முகாமுக்குத் திரும்பியதும் மருத்துவரிடம் போய், தேதி, நேரம், இடம், வண்டி, என்ன வலிக்கிறது, என்ன கேட்கவில்லை என்பதைச் சொல்லி, படையில் காயங்களைப் பதிகிற 'கொன்ஸ்ததாசியோன்' பதிவேட்டில் ஏற்றச் சொல்ல வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். காது கூவினால் அன்றைக்கே கேட்புத்திறன் சோதனை கேளுங்கள், வெடிச்சத்தத்தால் காது போவது அவசர சிகிச்சைக்குரிய விஷயம், தள்ளிப்போட்டால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு குறையும். அழுகுணி என்று யாராவது நினைப்பார்களோ என்ற கூச்சம் வரும். இருபத்தி மூன்று வயசில் அந்தக் கூச்சம் பெரிய கூச்சம், எனக்குத் தெரியும். இருந்தாலும் போங்கள்.

ஒப்பந்தம் முடிந்து நான் ஊருக்கு வந்தபோது இடது காதில் பாதிதான் கேட்டது, இரண்டு காதிலும் கூவல், முதுகு குனிந்தால் நிமிர முடியாத வலி. கடலூர் சாலையில் ஒரு டிராவல்ஸில் வண்டி ஓட்டினேன். சென்னைக்கு ஒரு முறை போய் வந்தால் மறுநாள் படுக்கைதான். வேலையை விட வேண்டியதாகிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பழைய முறிவு தம்பி, எங்கேயாவது மாடியிலிருந்து விழுந்தீங்களா?" என்று கேட்டார். முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு மேலும் கீழும் நசுங்கியிருந்தது. நான் மாடியிலிருந்து விழுந்ததே இல்லை. கிளினிக் வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு ரொம்ப நேரம் நின்றேன். கோபமா அழுகையா என்று தெரியவில்லை. இத்தனை நாள் என் உடம்பு பொய் சொல்கிறது என்று நானே நினைக்க ஆரம்பித்திருந்தேன், அதுதான் காரணம்.

பிரெஞ்சு ராணுவத்தில் இதற்கு ஊனமுற்றோர் ஓய்வூதியம் உண்டு. வருமான வரி கிடையாது. விண்ணப்பிக்கக் கெடு தேதியும் கிடையாது, எத்தனை வருஷம் கழித்தும் கேட்கலாம். ஆனால் பணம் விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்துதான், அடிபட்ட தேதியிலிருந்து அல்ல. இந்த ஒரு வரி எனக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் எவ்வளவோ காப்பாற்றியிருப்பேன். ஊரில் பிரெஞ்சில் மனு எழுதித் தருகிற ஒருவரிடம் தெரிந்தவர்கள் அனுப்பினார்கள். 45,000 ரூபாய் வாங்கினார், கோப்பு நன்றாக இருக்கிறது, அனுப்பிவிட்டேன், பிரான்ஸில் தாமதம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் நானே எழுதிக் கேட்டபோது என் பெயரில் எந்த விண்ணப்பமும் அங்கே போய்ச் சேரவில்லை என்று பதில் வந்தது. பணமும் போனது, அந்த ஒரு வருஷத்துக்கான தொகையும் போனது. எழுதித் தர ஆள் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை, ஆனால் தபால் நிலையத்துக்கு நீங்களே போங்கள், பதிவுத் தபாலில் ஒப்புகைச் சீட்டோடு அனுப்புங்கள். எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், குறைந்த காகிதத்தோடு முதலில் விண்ணப்பத்தைப் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதைப் பின்னால் அனுப்பலாம்.

நானே போட்ட விண்ணப்பமும் முதலில் நிராகரிக்கப்பட்டது. காரணம் படித்தபோது தலை சுற்றியது. அவர்கள் சட்டத்தில் காயம் வேறு, நோய் வேறு. காயம் என்று நிரூபித்தால் 10 சதவீத ஊனம் இருந்தாலே ஓய்வூதியம். நோய் என்றால் பொதுவாகக் குறைந்தது 30 சதவீதம் வேண்டும். குறிப்பிட்ட ஒரு நாளில், வெளியிலிருந்து திடீரென்று நடந்த ஒன்றால் வந்தது என்று காட்டினால்தான் அது காயம். இன்ஜின் சத்தத்திலும் துப்பாக்கிச் சத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போன காது நோயில் சேரும். என்னிடம் அந்த நாளைக் காட்டும் மருத்துவக் காகிதம் ஒன்றும் இல்லாததால் என் காது நோயாகிவிட்டது, 30-ஐத் தொடவில்லை, முடிந்தது கதை. வெடித்த அன்றைக்கு ஒரே ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் இவ்வளவும் இல்லை.

குருசுக்குப்பத்தில் என் பெரியப்பா இருக்கிறார், தாத்தா காலத்துச் சொல்தாக்களோடு பழகினவர். அவர்தான், "முதல்ல உன் காகிதம் எங்கெங்க தூங்குதுன்னு பாருடா" என்றார். அவருடைய அப்பா அல்ஜீரியாவில் சொல்தாவாக இருந்துவிட்டு வந்தவர், அவருடைய காகிதமெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் அந்துருண்டை வாசனையோடு இன்னும் இருக்கிறது. சம்பளச் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு, எந்தத் தேதியில் எந்தக் கப்பலில் ஏறினார் என்பது வரை. பெரியப்பா டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கி, எது எதற்கு உதவியது என்று சொன்னார். அந்த மத்தியானம் கற்றுக்கொண்ட அளவுக்கு எந்த அலுவலகத்திலும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

அதன்படி தேடினேன். பணிக்காலக் கோப்பு பிரான்ஸில் 'போ' என்ற நகரத்தில் உள்ள ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். ராணுவ மருத்துவமனைக் கோப்புகள் லிமோஜ் நகரத்தில். ஒவ்வொரு படைப்பிரிவும் தினம் தினம் எழுதுகிற நடவடிக்கைக் குறிப்பேடு ஒன்று உண்டு, அதற்கும் எழுதிக் கேட்கலாம். எங்கள் குறிப்பேட்டின் அந்தப் பக்கம் எனக்கு வந்தது. வண்டியின் எண், வெடித்த நேரம், பின்சக்கரம் போனது, அச்சு உடைந்தது, ரேடியோ வேலை செய்கிறது, எல்லாம் இருந்தது. ஒருவர் காயம், வெளியேற்றப்பட்டார். மற்ற இருவர் காயமின்றி. சக்கரத்தைப் பற்றி இரண்டு வரி, எங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதினவர் அன்று மாலை கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

ஆனால் அதே பக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. நான் அந்த வண்டிக்குள் இருந்தேன் என்பதற்கு அதுதான் ஆதாரம். கை உடைந்த துப்பாக்கிக்காரனுடைய மருத்துவக் கோப்பில் வெடியின் விவரம் முழுதாக இருந்தது, அவன் தன் நகலைத் தயங்காமல் அனுப்பினான். வண்டித் தலைவர் தன் கையெழுத்தில் சாட்சிக் கடிதம் எழுதி அடையாள அட்டை நகலோடு கொடுத்தார், அவருக்கும் அதே காது, அதே முதுகு. இங்கே எடுத்த கேட்புச் சோதனை எனக்குப் போதவில்லை என்று ஆனதால் பிரான்ஸ் போய் நிபுணரிடம் காட்டினேன், இரண்டு முறை போய்வர டிக்கெட்டும் தங்கலும் மட்டும் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. மேல்முறையீட்டில் காது காயம் என்று ஏற்கப்பட்டது, கூவலையும் சேர்த்து. வந்த தொகை பெரிய தொகை இல்லை. ஆனால் காகிதத்தில் அந்த நாளின் தேதிக்கு எதிரே என் பெயர் இருக்கிறது, அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு, அது கடிதம் கையில் கிடைத்த தேதியிலிருந்து எண்ணப்படும், நம் ஊருக்குக் கடிதம் சாவகாசமாகத்தான் வரும். அதனால் உறையைக் கிழித்துப் போட்டுவிடாமல் தபால் முத்திரையோடு வைத்திருங்கள்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்காக. தீபாவளி என்றால் நான் மாடி அறையில் ஜன்னலை மூடிக்கொண்டு இருப்பேன். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் வாணம் விட்டால் கை தானாக இறுகும். மணல் மேடு போட்ட சாலையில் கார் போனால் சக்கரம் எங்கே ஏறுகிறது என்றுதான் கண் போகும். மாலியிலிருந்து திரும்பி வரும் வழியில் சில நாள் ஓய்வுக்கு நிறுத்தி மனநல நிபுணர்கள் பேசுவார்கள், அப்போது எல்லோரும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வோம், வீட்டுக்குப் போகிற அவசரம். அந்த மனவலியும் அவர்கள் சட்டத்தில் ஏற்கப்பட்டது, 1992 ஜனவரியில் வந்த ஆணை அதற்கென்றே இருக்கிறது. என் மனைவிதான் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பேய் பிடித்திருக்கிறது, கோயிலுக்குக் கூட்டிப் போ என்று சொன்னவர்களும் உண்டு, கோயிலுக்கும் போனோம், டாக்டரிடமும் போனோம், மாத்திரையில் தூக்கம் வந்தது.

நான் வந்த பிறகு நடந்ததையும் ஒரு வார்த்தை. மாலியில் 2018 பிப்ரவரியில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் இரண்டு பேர், 2021 ஜனவரி தொடக்கத்தில் மெனாக்கா பகுதியில் இன்னும் இரண்டு பேர், எல்லோரும் வே.பே.எல். வண்டிக்குள் கண்ணிவெடியில் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது வண்டிக்குள் எந்த இருக்கையில் யார் இருந்திருப்பார்கள் என்று எனக்குப் படம் மாதிரி தெரிந்தது. இப்போது கண்ணிவெடியைத் தாங்குகிற மாதிரி கிரிஃபோன், செர்வால் என்று புது வண்டிகள் வந்துவிட்டன. பழையதும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. புது வண்டி உயிரைக் காக்கும், ஆனால் அதற்குள் இருப்பவனுக்கும் காதும் முதுகும் அடிவாங்கும், அவனும் நடந்து வெளியே வருவான், அவனிடமும் நல்லா இருக்கியா என்று கேட்பார்கள்.

படையை விட்டு வெளியே வரும்போது கடைசி மருத்துவப் பரிசோதனை ஒன்று இருக்கும். அதை அவசரமாக முடிக்காதீர்கள், ஒவ்வொரு வலியையும் சொல்லி எழுத வைத்து, மருத்துவக் கோப்பின் முழு நகலையும் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். வெளிநாட்டு நடவடிக்கையில் நாலு மாசம் இருந்திருந்தால் போர்வீரர் அட்டைக்கும் தகுதி உண்டு, அதையும் வாங்கி வையுங்கள், பின்னாளில் 65 வயசில் அதற்கும் ஒரு சின்னத் தொகை வரும். கூட இருந்தவர்களின் போன் எண்ணை மட்டும் நம்பாமல் நிரந்தர முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள், எங்கள் வண்டித் தலைவரைக் கண்டுபிடிக்கவே எனக்குப் பல மாசம் ஆனது. என் முதுகுக்கான விண்ணப்பம் இன்னும் முடியவில்லை, எலும்பு முறிந்ததற்கும் அந்த வெடிக்கும் தொடர்பைக் காட்டச் சொல்கிறார்கள், பழைய எக்ஸ்ரே ஒன்று காவோ முகாமில் எடுத்ததாக ஞாபகம், அதைக் கேட்டு லிமோஜுக்கு எழுதியிருக்கிறேன்.